இயற்கைவெளியில் நினைவு அருங்காட்சியகம்: கட்டடக்கலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நினைவு அருங்காட்சியகங்களின் கட்டடக்கலையைப் பற்றி மாணவர்களிடமும், அப்படியொன்றை எழுப்ப விரும்பும் குழுக்களிடமும் பேசும்போதெல்லாம் சில ஐயங்கள் தவறாமல் எழுகின்றன. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பு சொன்ன செய்தி மீண்டும் தேவைப்படும் இடங்களில் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறித்துள்ளேன்.

1. நினைவுச்சின்னமும் நினைவு அருங்காட்சியகமும் ஒன்றுதானே?

நெருங்கிய உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. நினைவுச்சின்னத்தின் முன் வந்து நிற்பவருக்கு என்ன நடந்தது என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அவர் அஞ்சலி செலுத்த வருகிறார். அருங்காட்சியகத்துக்கு வருபவருக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம். அவருக்கு ஆவணங்களும் பொருள்களும் சாட்சிகளின் குரல்களும் தேவை. நினைவு அருங்காட்சியகம் இவ்விரண்டு வேலைகளையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. படித்தறிவதற்கு ஒழுங்கும் வரிசையும் வேண்டும், துக்கத்துக்குத் தனிமையும் அமைதியும் வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த இழுபறியிலிருந்து பிறப்பவையே.

2. நகரத்தில் கட்டினால் நிறையப் பேர் வருவார்களே, ஏன் காட்டிலும் மலையிலும் கொண்டுபோய் வைக்கிறார்கள்?

பல இடங்களில் யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. சம்பவம் அங்கேதான் நடந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட ஃபிளைட் 93 விமானம் பென்சில்வேனியாவில் ஷாங்க்ஸ்வில் அருகே, முன்பு நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்ட ஒரு வெளியில் விழுந்தது. நினைவிடமும் அங்கேயே அமைந்தது. தாய்லாந்தின் ஹெல்ஃபயர் கணவாயில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதைக்காகப் போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளர்களும் கையால் குடைந்த பாறை வெட்டை நோக்கித்தான் அங்குள்ள அருங்காட்சியகத்திலிருந்து நடைபாதை இறங்குகிறது. அந்த ரயில்பாதை முழுவதிலும் மடிந்த ஆசியத் தொழிலாளர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும் பெருந்தொகையினர் என்பதை இங்கே நினைவுகூராமல் என்னால் கடந்துபோக முடியவில்லை.

இன்னொரு வகை, தேர்ந்தெடுத்த நிலம். எருசலேமின் யாட் வஷேம் அருங்காட்சியகம் நினைவு கூரும் யூதப் படுகொலை ஐரோப்பாவில் நடந்தது. கட்டடம் நிற்பதோ வேறொரு நாட்டின் குன்றில். இந்த இரண்டு வகைகளையும் முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. சம்பவம் நடந்த நிலத்தில் நிலமே முதல் காட்சிப்பொருள், கட்டடம் அதை மறைக்கக்கூடாது. தேர்ந்தெடுத்த நிலத்தில், அந்த நிலத்துக்கும் நினைவுக்கும் இடையிலான உறவையே கட்டடம்தான் உண்டாக்கித்தர வேண்டும்.

3. இந்தக் கட்டடங்கள் எல்லாமே பாதி மண்ணுக்குள் இருக்கின்றனவே, அது ஒரு பாணியா?

பாணியாகப் பின்பற்றியவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நல்ல எடுத்துக்காட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருக்கிறது. ஆர்மீனியாவின் எரெவான் நகரில் ட்சிட்செர்னகாபெர்ட் குன்றின்மேல் 1967-ல் இனப்படுகொலை நினைவுச்சின்னம் எழுந்தது: 44 மீட்டர் உயர ஊசித்தூண், அருகே அணையாத் தீயைச் சூழ்ந்து உள்நோக்கிச் சாய்ந்த 12 கற்பாளங்கள். 1995-ல் அருங்காட்சியகம் சேர்க்கப்பட்டபோது அதைச் சரிவுக்குள் செலுத்தினார்கள். ஏற்கெனவே அங்கிருந்த சின்னத்தோடு போட்டியிடாமல் ஒதுங்கி நிற்பதே அங்கே நோக்கம்.

பிரான்சின் ரிவ்சால்ட் முன்னாள் தடுப்பு முகாமில் ரூடி ரிச்சோட்டி வடிவமைத்து 2015-ல் திறக்கப்பட்ட நினைவகத்தின் காரணம் வேறு. காவிநிறக் கான்கிரீட்டாலான 210 மீட்டர் நீளக் கட்டடம், ஒரு முனையில் தரைமட்டத்தில் தொடங்கி மெல்ல உயர்ந்து, சுற்றிலும் சிதைந்து நிற்கும் குடில்களின் கூரை உயரத்தைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. இடிபாடுகளைவிட உயரமாக நிற்க அதற்கு உரிமையில்லை என்று வடிவமைப்பாளர் கருதியதாகவே எனக்குப் படுகிறது.

யாட் வஷேமில் மோஷே சாஃப்டி 2005-ல் செய்தது மூன்றாவது வழி. முக்கோண வெட்டுமுகம் கொண்ட ஏறத்தாழ 180 மீட்டர் நீளக் கான்கிரீட் பட்டகம் ஒரு பக்கத்தில் குன்றைத் துளைத்து உள்ளே சென்று மறுபக்கத்தில் வெளியே வருகிறது. நடுப்பகுதியில் வெளியே தெரிவது அதன் உச்சியில் ஓடும் கண்ணாடிக் கோடு மட்டுமே.

4. வாசலுக்குப் போகவே இவ்வளவு தூரம் ஏன் நடக்கவேண்டும்? வண்டி வாசல் வரை வந்தால் என்ன?

அந்த நடை வீணான தூரம் அன்று. வண்டியிலிருந்து இறங்குபவரின் மனம் இன்னும் சாலையில் இருக்கும். தொலைபேசி கையில் இருக்கும். குழந்தைகள் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். சில நிமிட நடையில் மூச்சும் பேச்சும் தாமாகவே தணிகின்றன. வேறு எந்த அறிவிப்புப் பலகையாலும் இதைச் சாதிக்க முடியாது.

உடல்சார்ந்த காரணமும் உண்டு. வெயிலில் திறந்தவெளியின் ஒளி 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் போகும். பழைய காகிதமும் துணியும் வைத்திருக்கும் கூடத்தில் 50 லக்ஸ் போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். இருளுக்கு நம் கண் முதல் சில நிமிடங்களில் ஓரளவு பழகும். முழுமையாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். ஆகவே மர நிழல், பிறகு தாழ்வாரம், பிறகு மங்கிய முன்கூடம் என ஒளியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும் பாதை தேவைப்படுகிறது. வெயிலிலிருந்து நேரே காட்சிக்கூடத்துக்குள் நுழைபவர் முதல் மூன்று பேழைகளைப் பார்க்காமலே கடந்துவிடுவார்.

நடைவழியின் நுட்பத்துக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ஓர் அருங்காட்சியகம்கூட இல்லை. ஸ்டாக்ஹோமின் ஸ்கூக்ஸ்ஷிர்க்கோகார்டன் வனக்கல்லறை. ஆஸ்ப்லுண்டும் லெவெரென்ட்ஸும் வடிவமைத்த அங்கே, மேட்டிலுள்ள தியானச் சோலைக்கு ஏறும் படிகளின் உயரம் மேலே போகப்போகக் குறைகிறது. துக்கத்தோடு ஏறுபவருக்கு மூச்சுவாங்க வேண்டிய இடத்தில் ஏற்றம் இலகுவாகிறது. ஏறுபவர்களில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை, முழங்கால் மட்டும் அறிந்துகொள்கிறது.

5. அப்படியானால் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் என்ன செய்வது?

அவர்களுக்கென்று பின்வாசலில் ஒரு மின்தூக்கி வைத்துவிட்டு முடித்துக்கொள்வது சரியான விடையாகாது. தப்பிப் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் பெற்றோரும்தான் நடக்க முடியாதவர்களாக முதலில் வருகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஒன்றுக்கு இருபது (ஒரு மீட்டர் ஏற இருபது மீட்டர் நீளம்) என்ற சரிவில் முதன்மைப் பாதையையே அமைத்துவிட்டால், கைப்பிடி வைத்த தனிச் சாய்தளம் இல்லாமலே எல்லோரும் ஒரே வழியில் செல்லலாம். இடம் குறைவான பகுதிகளில் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு வரை போகலாம். அங்கே இடையிடையே சமதளம் வேண்டும்.

சரிவைத் தடையாக எண்ணாமல் மொழியாகவே பயன்படுத்தியவர்களும் உண்டு. அமெரிக்காவின் மோண்ட்கோமரியில் ஒரு குன்றின்மேல் 2018-ல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், கறுப்பின மக்களை வெறிக்கும்பல்கள் கொன்ற மாவட்டங்களைக் குறிக்கும் 800-க்கும் மேற்பட்ட எஃகுப் பெட்டிகள் தொங்குகின்றன. முதலில் அவை நம் கண்மட்டத்தில், ஆளுயரத் தூண்கள்போல நிற்கின்றன. கூரை அப்படியே இருக்க, தரை மெல்லத் தாழ்ந்துகொண்டே போகிறது. சற்று நேரத்தில் அவை தலைக்குமேல் தொங்குவதை நிமிர்ந்து பார்க்கிறோம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதே அனுபவம்தான் கிடைக்கிறது.

6. வெளியே இவ்வளவு அழகான காடு இருக்கும்போது உள்ளே ஏன் ஜன்னலே இல்லை?

பொருள்களைக் காக்க ஒளியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது முதல் காரணம் (கேள்வி 4). இரண்டாவது காரணம் கவனம். ஒரு தாயின் கடைசிக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பவரின் கண்ணோரத்தில் பறவை பறந்தால் கண் பறவையைத்தான் தொடரும்.

ஜன்னலைச் சேமித்து வைத்துச் செலவிடத் தெரிந்திருக்க வேண்டும். யாட் வஷேமில் தரையில் வெட்டப்பட்ட குறுக்குப் பள்ளங்கள் நேராக நடக்க விடுவதில்லை. ஒவ்வொரு கூடமாக வலமும் இடமும் மாறிமாறித்தான் செல்ல வேண்டும். தொலைவிலுள்ள வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்கும், எட்டாது. கடைசியில் பட்டகத்தின் சுவர்கள் இரு சிறகுகளாக விரிந்து பள்ளத்தாக்கின் மேல் அந்தரத்தில் நீள, மலைகள் கண்முன் திறக்கின்றன. இருபது ஜன்னல்கள் வைத்திருந்தால் அந்த ஒரு திறப்புக்கு இந்த வலிமை இருந்திருக்காது. ரிவ்சால்ட் கட்டடம் இதற்கு நேர்மாறு: வெளியைப் பார்க்கும் ஜன்னலே அதில் இல்லை, உள்முற்றங்களின் வழியே வானம் மட்டும் தெரிகிறது. அடைத்துவைக்கப்பட்டவர்களின் முகாமில் அதுவும் நேர்மையான முடிவே.

7. மண்ணுக்குள் கட்டினால் ஈரம் புகுந்து எல்லாம் கெட்டுப்போகாதா?

கவனமில்லாமல் கட்டினால் கண்டிப்பாகக் கெட்டுப்போகும். ஒப்புமை ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. காகிதமும் தோலும்தான் முதலில் பாதிக்கப்படும். சரிவில் புதைந்த கட்டடத்துக்கு மேட்டுப்பக்கச் சுவர்தான் எதிரி, மழைநீர் முழுவதும் அதன்மேல்தான் வந்து அழுத்தும். அங்கே நீர்த்தடுப்புப் பூச்சை மட்டும் நம்பக்கூடாது. சுவருக்குப் பின்னால் சரளை அடுக்கி, அடியில் துளைக்குழாய் பதித்து, தண்ணீர் சுவரைத் தொடுவதற்கு முன்பே அதற்குப் போக்கிடம் காட்டிவிட வேண்டும். முடிந்தால் ஆய்வு செய்து பழுதுபார்க்க ஓர் ஆள் நடக்கும் அளவு இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்புவது நல்லது.

கூரைமேல் மண் பரப்பினால் எடையையும் கணக்கிட வேண்டும். நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன். ஒரு மீட்டர் மண் போட்டால் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையும் அந்த 2 டன்னைத் தாங்கியாக வேண்டும், மரம் வைத்தால் இன்னும் கூடும். இதற்குக் கிடைக்கும் பலன், ஆழத்து மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை என்பது. குளிரூட்டும் செலவு குறைகிறது, காட்சிப்பொருள்களும் நிம்மதியாக இருக்கின்றன.

8. கான்கிரீட்டும் துருப்பிடித்த இரும்பும் இல்லாமல் கட்டவே முடியாதா?

முடியும். துரு நிற எஃகை நினைவிடங்களில் இவ்வளவு பேர் நாடுவதற்குக் காரணம் காலம் அதன்மேல் தெரிவதுதான். ஆனால் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால்தான் அதன் மேற்படலம் இறுகி உலோகத்தைக் காக்கும். உப்புக் காற்று வீசும் கடற்கரையிலும், எப்போதும் ஈரம் சொட்டும் மரத்தடியிலும் அது நிற்காமல் அரித்துக்கொண்டே போகும். முதல் சில ஆண்டுகள் அதிலிருந்து வழியும் நீர் கீழுள்ள கல்லில் காவிக்கறை படியவைக்கும் என்பதையும் வரைபடத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

நார்வேயின் வட கோடியில், வார்டோ தீவின் கடலோரத்தில் 2011-ல் திறக்கப்பட்ட ஸ்டெய்ல்நெசெட் நினைவிடத்தைப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட 91 பேருக்காக பீட்டர் சும்தோர் எழுப்பிய 125 மீட்டர் நீளக் கூடம் அது. மரச்சட்டங்களின் நடுவே கித்தான் துணியாலான நீண்ட குழல் தொங்குகிறது. உள்ளே 91 சிறு ஜன்னல்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு விளக்கு, பக்கத்தில் அந்த ஒருவரின் கதை. மரமும் துணியும் எவ்வளவு கனமான நினைவைச் சுமக்கும் என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. அருகிலுள்ள கண்ணாடிக் கூடத்தில் லூயீஸ் பூர்ஷ்வாவின் எரியும் நாற்காலி இருக்கிறது.

9. மரமும் குளமும் வெறும் அலங்காரம்தானே?

அலங்காரமாக வைத்தால் அலங்காரமாகத்தான் இருக்கும். குஜராத்தின் புஜ் நகரத்தை ஒட்டிய புஜியோ குன்றில், 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தின் நினைவாக 2022-ல் திறக்கப்பட்ட ஸ்மிருதிவன் இதற்கு நல்ல விடை. ராஜீவ் கத்பாலியாவின் வடிவமைப்பில், வறண்ட அந்தக் குன்றின் ஓடைகளில் மழைநீரைத் தேக்கும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. இறந்தவர்களின் பெயர்கள் அந்த நீர்த்தேக்கங்களின் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. தேங்கிய நீர் மண்ணில் இறங்கிக் குன்றில் மரம் வளர உதவுகிறது. அங்கே ஒரு பெயரைப் படிக்கக் குனிபவர், அந்தப் பெயர் காத்துவைத்திருக்கும் நீரையும் பார்க்கிறார்.

ஜப்பானின் ரிக்குசென்தகாட்டா கடற்கரையில் 2011 ஆழிப்பேரலைக்கு முன் ஏறத்தாழ 70,000 பைன் மரங்கள் இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் நின்றது. உப்புநீரில் வேர் அழுகி அதுவும் பட்டுப்போனது. பதப்படுத்தி மீண்டும் அதே இடத்தில் நிறுத்தினார்கள். ஹிரோஷி நைட்டோ வடிவமைத்து 2019-ல் திறந்த நினைவு அருங்காட்சியகம், தாழ்ந்து நீண்ட கட்டடமாக அமைந்து, நடுவிலுள்ள திறப்பின் வழியே பார்வையைக் கடற்சுவரை நோக்கி அனுப்புகிறது. சுவர்மேல் ஏறினால்தான் கடல் தெரியும்.

10. 69 தூண், 40 மணி என்று எண்ணிக்கையை ஒளித்து வைக்கிறார்களே, பார்ப்பவர்களுக்கு அது புரியுமா?

சொல்லாவிட்டால் பெரும்பாலோருக்குப் புரியாது. ஆகவே எண் தன் வேலையைக் கட்டடமாகவும் செய்கிறதா என்பதுதான் என் உரைகல். நார்வேயின் உட்டோயா தீவில் 2011 ஜூலை 22 அன்று இளைஞர் முகாம் ஒன்றின்மேல் நடந்த தாக்குதலில் 69 பேர் கொல்லப்பட்டார்கள். சிலர் உயிரிழந்த உணவகக் கட்டடத்தின் பகுதியை அப்படியே வைத்து அதைச் சுற்றி எழுப்பிய ஹெக்ன்ஹூசெட் என்ற கூடத்தில், கூரையை 69 தூண்கள் தாங்குகின்றன. வெளிச்சுற்றில் உயிர்தப்பியவர்களுக்காக 495 மெல்லிய மரக்கால்கள் வேலியாக நிற்கின்றன. எண்ணிக்கை தெரியாதவருக்கும், தாங்குவது எது, காப்பது எது என்பது உடனே தெரிகிறது.

ஃபிளைட் 93 நினைவிடத்தின் 93 அடி உயரக் கோபுரத்தில் பயணிகளும் ஊழியர்களுமான 40 பேருக்காக 40 காற்று மணிகள் வெவ்வேறு சுருதியில் ஒலிக்கின்றன. பெலருசின் கத்தின் கிராமத்தில் இரண்டாம் உலகப் போரின்போது எரிக்கப்பட்ட 26 வீடுகளின் இடத்தில் புகைபோக்கி வடிவத் தூண்கள் நிற்கின்றன, அவற்றின் மணிகள் 30 விநாடிக்கு ஒருமுறை ஒலிக்கின்றன. அங்கேயே நான்கு மரங்கள் நிற்க வேண்டிய சதுரத்தில் மூன்று பிர்ச் மரங்களும், நான்காவது மூலையில் அணையாத் தீயும் உள்ளன. போரில் அந்நாட்டு மக்களில் நால்வரில் ஒருவர் மாண்டதை அது குறிக்கிறது. விளக்கம் படிக்காமலே, ஒரு மரம் இல்லை என்பதைக் கண் கண்டுகொள்கிறது.

11. பெயர்களை அகர வரிசையில் போடுவதுதானே எளிது?

தேடுவதற்கு எளிது. பிரான்சின் நோத்ர தாம் த லொரேத்தில் 2014-ல் திறந்த நினைவு வளையத்தில் முதல் உலகப் போரில் மாண்ட ஏறத்தாழ 5,80,000 பேரின் பெயர்கள் அகர வரிசையில் உள்ளன. நாடும் பதவியும் குறிப்பிடப்படவில்லை. எதிரெதிராகப் போரிட்டவர்கள் அடுத்தடுத்து நிற்பதால் அங்கே அகர வரிசையே ஒரு கூற்றாகிறது. வாஷிங்டனில் மாயா லின் வடிவமைத்த வியட்நாம் நினைவுச் சுவரிலோ (1982) பெயர்கள் இறந்த நாளின் வரிசையில் உள்ளன. இரு சுவர்களும் சேரும் மூலையில் தொடங்கி, ஒரு முனை வரை சென்று, மறுமுனையிலிருந்து திரும்பி அதே மூலையில் முடிகின்றன. ஒரே நாளில் வீழ்ந்த தோழர்கள் அருகருகே இருக்கிறார்கள். அத்தகைய வரிசையை எடுத்தால் பக்கத்திலேயே அகர வரிசைக் கையேடு ஒன்று கட்டாயம் வேண்டும்.

12. உடல்கள் புதைந்திருக்கும் மண்ணில் அஸ்திவாரம் தோண்டலாமா?

தோண்டக்கூடாது என்பதே என் பதில். கேள்வி 3-ல் சொன்ன மண்ணுக்குள் புகும் வழி இங்கே செல்லாது. ஜெர்மனியில் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில் 2007-ல் எழுந்த ஆவண மையம், முகாம் எல்லைக்கு வெளியே தரையில் நின்று, கல்லறை நிலமாகிய முகாம் பகுதிக்குள் நீளும் முனையில் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. கட்டடத்துக்கும் தரைக்கும் இடையில் விடப்பட்ட அந்த வெற்றிடத்தில் உள்ள மரியாதையை எந்தக் கல்வெட்டிலும் எழுத முடியாது.

போலந்தில் நாஜிகளின் கொலைமுகாம் இருந்த பெல்ஜெட்ஸில் நிலைமை இன்னும் கடினம். அங்கே முதலில் நிலத்தைத் துளையிட்டு ஆராய்ந்து 33 பெரும் புதைகுழிகளின் இடத்தைக் கண்டறிந்தார்கள். 2004-ல் முடிந்த நினைவிடத்தில் முழுச் சரிவும் உலைக்கசடுக் கற்களால் மூடப்பட்டது. அதன் ஊடாக ஒரு நடைவழி கீழிறங்க, இருபுறச் சுவர்களும் தலைக்குமேல் உயர்கின்றன. அருங்காட்சியகம் ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது. எச்சங்களைக் காக்கவே அவ்வாறு மூடினார்கள், ஆனால் அந்த நடைவழியை வெட்டலாமா என்ற எதிர்ப்பும் எழுந்தது. ஆகவே எங்கே புதைகுழி என்று தெரியும் முன் ஒரு கோடுகூட வரையக்கூடாது. குடும்பத்தாரையும் சமயப் பெரியோரையும் கேட்ட பிறகே கருவி இறங்க வேண்டும்.

13. இடம் இவ்வளவு அழகாக இருந்தால் துயரமே மறந்துபோய்விடாதா?

இதுவே எனக்கு மிகவும் கடினமான கேள்வி. புல் வளர்வதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. கொலை நடந்த அன்றும் அந்த மரங்கள் பச்சையாகத்தான் இருந்தன. நிலம் நமக்காகத் துக்கம் அனுசரிக்கவில்லை என்பதும் உண்மையின் ஒரு பகுதி. அழகை மறைக்கப் பார்க்கும் கட்டடம் பொய் சொல்கிறது.

அழகு யாருடையது என்று பார்த்தால் தெளிவு கிடைக்கிறது. ஃபிளைட் 93 வெளியில் சுரங்கத்தால் சிதைந்த நிலம் இன்று காட்டுப்பூக்கள் பூக்கும் புல்வெளி; அது நிலம் தானாகத் தேறிவரும் அழகு. விமானம் விழுந்த இடத்தின் பக்கம் சாதாரணப் பார்வையாளர் செல்வதில்லை, ஒரு பாறை மட்டும் தொலைவில் அடையாளமாக நிற்கிறது. அதே இடத்தில் பாத்தி கட்டிப் பூச்செடி நட்டு, வண்ண விளக்குப் போட்டு, படம் எடுத்துக்கொள்ள மேடை அமைத்தால் அது வேறு அழகு. இருக்கைகளின் திசையைக்கூட நான் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன். உணவகமும் கடையும் வேண்டுமானால் வண்டி நிறுத்தத்தின் பக்கம் இருக்கட்டும், நினைவு வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியக்கூடாது.

14. அருகில் வசிப்பவர்கள் வேண்டாம் என்று சொன்னால்?

கேட்டாக வேண்டும், அதுவும் தொடக்கத்திலேயே. உட்டோயாவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸூர்ப்ரோட்டன் முனையை மூன்றரை மீட்டர் அகலத்துக்குக் குறுக்கே வெட்டி, நிலத்திலேயே ஆறாத காயம் ஒன்றை உண்டாக்க ஜோனாஸ் டால்பெர்க் முன்வைத்த வடிவம் 2014-ல் போட்டியில் வென்றது. உலகெங்கும் பாராட்டுப் பெற்றது. எனக்கும் அது மிகச் சிறந்த கருத்தாகவே தோன்றியது. ஆனால் அன்று படகு எடுத்துச் சென்று நீரிலிருந்து இளைஞர்களைக் காப்பாற்றிய அக்கரைவாசிகளும் இருக்கிறார்கள். அந்தக் காயத்தைத் தினமும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வாழ முடியாது என்று அப்பகுதி மக்களில் பலர் எதிர்த்தார்கள், வழக்கும் தொடர்ந்தார்கள். 2017-ல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

பிறகு உட்டோயாவுக்குப் படகு புறப்படும் துறையில் வேறொரு நினைவிடம் திட்டமிடப்பட்டது. அதற்கும் எதிர்ப்பு வந்து நீதிமன்றம்வரை போனது. பணி தொடரலாம் என்று 2021-ல் தீர்ப்பானது. ஓஸ்லோவிலும் தீவிலும் அன்று உயிரிழந்த 77 பேருக்காக 77 வெண்கலத் தூண்கள் நீரோரத்தில் வளைந்து நிற்கும் அந்த நினைவிடம் 2022-ல் திறக்கப்பட்டது. படகுக்குக் காத்திருப்பவர்கள் இப்போது அந்தத் தூண்களின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.